குருதியின் பிறப்பிடம்

மனித உடலில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 20 இலட்சம் செங்குழியங்கள் புதிதாகப் பிறக்கின்றன. பிறந்த ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாட்கள் ஒட்சிசனைச் சுமந்து திரிந்துவிட்டு அழிகின்றது. இத்துணைப் பெரிய ஆக்கத்தொழில் உடலின் எப்பகுதியிலே நடைபெறுகின்றது என்று வினவினால், உயர்வகுப்பு மாணவன் ஒருவன் தயங்காது விடை கூறுவான்: என்புமச்சையில், அஃதாவது எலும்புகளின் உட்குழியை நிரப்பியிருக்கும் மென்மையான இழையத்தில். அவ்விடை சரியானதே. ஆயின், அதே மாணவன் தாய்வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருந்த காலத்தில், அவ்விடை அவனைப் பொறுத்தமட்டிற் பிழையாகவே இருந்திருக்கும். அன்று அவனுக்குப் பெரும்பாலும் குருதி செய்து கொடுத்தது என்புமச்சையன்று, ஈரலே.

இவ்வுண்மை அறியப்பட்ட வரலாறு நேர்வழியிற் சென்ற வரலாறன்று. குருதியை ஆக்குவது ஈரல் என்று உலகம் ஏறக்குறைய 1400 ஆண்டுகள் நம்பியிருந்தது. பின்னர் அந்நம்பிக்கை பொய்யென்று காட்டப்பட்டு, ஏளனத்துடன் அடக்கஞ் செய்யப்பட்டது. அவ்வாறு அடக்கஞ் செய்யப்பட்ட கருத்தின் ஒரு பகுதி இருநூறு ஆண்டுகளின் பின் மெய்யென்று தோண்டி எடுக்கப்பட்டது. ஒரு கொள்கை எவ்வாறு பிழையாகவும் அதே வேளையில் ஓரளவு உண்மையாகவும் இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

கி.பி. 129ஆம் ஆண்டிற் பேர்கமம் நகரிற் பிறந்து, உரோமாபுரியிற் புகழ்பெற்ற மருத்துவராக விளங்கியவர் கேலன். உண்ட உணவு இரைப்பையிலே பாகமாகிப் பாற்சாறாக மாறுகின்றது என்றும், அச்சாறு குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் பெருநாளத்தின் வழியாக ஈரலை அடைந்து, அங்கே செந்நிறம் பெற்றுக் குருதியாகின்றது என்றும் அவர் போதித்தார். உடலின் நாளங்கள் யாவும் ஈரலிலிருந்தே புறப்படுகின்றன என்பதும் அவர் கொள்கை. குளத்திலிருந்து வாய்க்கால் வழியே சென்ற நீரை வயல்கள் குடித்துவிடுவது போல, ஈரலிலிருந்து சென்ற குருதியை உறுப்புக்கள் உட்கொண்டுவிடும். குருதி திரும்பி வருவதில்லை. ஆகவே ஈரல் நாள்தோறும் உணவிலிருந்து புதுக்குருதியை ஆக்கிக்கொண்டேயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த அளவில் இஃது இயற்கையாகவே தோன்றியது. குருதி நிறைந்து, கருஞ்செந்நிறமாய்க் கனத்துக் கிடக்கும் ஈரலை அறுத்துப் பார்த்த எவருக்கும் வேறெண்ணந் தோன்றியிராது.

கீழைத்தேயத்து மருத்துவமும் இவ்வெண்ணத்துக்குப் புறம்பானதன்று. குருதி செல்லும் வழிகளுக்கு மூலம் ஈரலும் மண்ணீரலுமே என்று சரகசங்கிதை கூறும். உணவின் சாரம் அவ்விரு உறுப்புக்களை அடைந்தே செந்நிறம் பெறுகின்றது என்று சுசுருதசங்கிதை கூறும். கருவின் ஈரலும் மண்ணீரலும் குருதியிலிருந்து தோன்றுகின்றன என்ற கருத்தும் சுசுருதசங்கிதையிற் காணப்படுகின்றது. இவற்றைக் கொண்டு, பிற்கால ஆராய்ச்சி முடிவுகளை முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. கிரேக்கரும் பாரத நாட்டினரும் ஒரே காட்சியைக் கண்டு ஏறக்குறைய ஒரே ஊகத்துக்கு வந்தனர் என்பதே இதனாற் பெறப்படுவது. ஊகம் எத்துணைப் பழையதாயினும், எத்தனை நாட்டார் ஒப்புக்கொண்டதாயினும், சோதித்துப் பார்க்கும் வரை அஃது ஊகமே.

சோதனைக் காலம் பதினேழாம் நூற்றாண்டிலே வந்தது. 1628ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டம் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அவர் கையாண்ட வாதம் எளிய கணக்கு. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியை மிகக் குறைவாகவே மதிப்பிட்டாலும், அரைமணி நேரத்தில் அது வெளியேற்றும் அளவு உடல் முழுவதிலுமுள்ள குருதியிலும் கூடுதலாகின்றது. அவ்வளவு குருதியை உண்ணும் உணவிலிருந்து ஈரல் ஓயாது ஆக்குதல் இயலாத செயல். ஆதலால் அதே குருதிதான் மீண்டும் மீண்டும் சுற்றி வருகின்றது. 1651ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு நூலில், அடைகாக்கப்படும் கோழிமுட்டைகளை நாள்தோறும் உடைத்துப் பார்த்துத் தாம் கண்டவற்றை ஹார்வி எழுதினார். முட்டையினுள்ளே குருதி தோன்றும் வேளையில் ஈரல் இன்னும் உருவாகியிருக்கவில்லை. மகனுக்குப் பின் பிறந்தவன் தந்தையாதல் எங்ஙனம்?

அதே காலத்தில் வேறொரு திசையிலிருந்தும் ஈரலுக்கு இடர் வந்தது. 1622ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் கஸ்பாரோ அசெல்லி, சற்று முன்னர் உணவுண்ட நாயொன்றின் வயிற்றைத் திறந்தபோது, குடலிலிருந்து பரந்து செல்லும் வெண்ணிறக் குழாய்களைக் கண்டார். அவற்றினுள்ளே இருந்தது பாற்சாறு. அச்சாறு ஈரலுக்கே செல்கின்றது என்று அவரும் பழைய கொள்கையின் வழிநின்று நினைத்தார். 1651இற் பிரான்சு நாட்டு ஜீன் பெக்கே அந்நினைவைத் தகர்த்தார். பாற்சாறு ஈரலைத் தொடுவதேயில்லை. அது மார்பினூடே மேலேறும் ஒரு குழாயின் வழியாகச் சென்று, கழுத்தின் அடியிலுள்ள நாளங்களிற் கலக்கின்றது என்பதை அவர் விலங்குகளில் எடுத்துக் காட்டினார். குருதி செய்வதற்கான மூலப்பொருள் ஈரலுக்கு வந்து சேரவில்லையாயின், ஈரல் எதைக் கொண்டு குருதி செய்யும்?

கோப்பன்ஹேகன் நகரப் பேராசிரியர் தோமஸ் பார்த்தோலின் மனித உடலிலும் அக்குழாயைக் கண்டார். நிணநீர்க் குழாய்களைப் பற்றி 1653இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ஈரலின் இறுதிச்சடங்கு என்ற பொருள்படும் சொற்கள் இடம்பெற்றன. அதனோடும் நில்லாது, மறைந்த மன்னன் ஒருவனுக்கு எழுதுவது போல, ஈரலுக்கு ஒரு கல்லறை வாசகத்தையும் அவர் இயற்றினார். பாரிஸ் நகரத்து முதிய உடற்கூற்றறிஞர் ஜீன் ரியோலான் ஈரலின் உரிமைக்காக வாதாடினார். அவர் குரல் எடுபடவில்லை. உடலின் அரசாக வீற்றிருந்த ஈரல், பித்தநீர் சுரக்கும் வெறுஞ் சுரப்பி என்ற நிலைக்கு இறக்கப்பட்டது.

பார்த்தோலினின் முடிவு வளர்ந்த உடலைப் பொறுத்தமட்டிற் சரியானதே. ஆனால் அம்முடிவு ஒரு வெற்றிடத்தை விட்டுச் சென்றது. குருதியை ஆக்குவது ஈரலன்று என்றால், வேறெது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன், குருதி என்பது வெறுஞ் செந்நீரன்று என்பதை மக்கள் அறிய வேண்டியிருந்தது. 1658இல் ஒல்லாந்தர் சுவாமர்டாம் நுணுக்குக்காட்டியின் மூலம் தவளையின் குருதியிற் சிறுதுணிக்கைகளைக் கண்டார். 1674இல் அவர் நாட்டவரான லேவன்ஹூக் மனிதரின் செங்குழியங்களை விவரித்தார். அதன் பின்னரே, குருதி எங்கே ஆக்கப்படுகின்றது என்ற வினா, செங்குழியம் எங்கே பிறக்கின்றது என்ற தெளிவான வடிவத்தைப் பெற்றது. 1817இற் கிறிஸ்டியன் பாண்டர் கோழியின் முளையத்தைச் சூழ்ந்து மஞ்சட்கருவின்மேற் படர்ந்துள்ள மெல்லிய படையிற் செந்நிறத் திட்டுக்களைக் கண்டு, அவற்றைக் குருதித் தீவுகள் என்று வருணித்தார். ஹார்வி கண்ட முதற் குருதியின் பிறப்பிடம் இவ்வாறு துலங்கிற்று.

ஈரலின் கல்லறை திறக்கப்பட்ட ஆண்டு 1846. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே பணியாற்றிய அல்பேர்ட் கொல்லிக்கர், பாலூட்டிகளின் இளங்கருக்களையும் மனிதக் கரு ஒன்றையும் நுணுக்குக்காட்டியினால் ஆராய்ந்தார். வளர்ந்த பாலூட்டிகளின் செங்குழியத்துக்கு உட்கரு இல்லை. இளங்கருவின் குருதியிலோ உட்கருவுள்ள செங்குழியங்கள் ஏராளம். ஈரலின் குருதியில், நிறமற்ற கலங்கள் தொடக்கம் முற்றிய செங்குழியங்கள் ஈறாக எல்லாப் படிநிலைகளும் ஒருங்கே காணப்பட்டன. ஒரு தொழிற்சாலையினுள்ளே நுழைந்தவன் மூலப்பொருளையும், அரைவேலை முடிந்த பண்டத்தையும், முற்றாக முடிந்த பண்டத்தையும் ஒரே கூரையின் கீழ்க் காண்பது போன்றது இக்காட்சி. கொல்லிக்கருக்கு முன்னரே றைகேர்ட், வெபர் முதலிய ஜேர்மன் அறிஞர் இவ்வாறு ஐயுற்றதுண்டு. ஆனால் பிறப்பதற்கு முன் பாலூட்டிகளின் ஈரலே குருதியை ஆக்கும் உறுப்பு என்பதை விரிவாக நிறுவ முற்பட்டவர் அவரே. இரண்டாண்டுகளின் பின், 1848இற் பிரான்சிலே குளோட் பெர்னார்ட், ஈரல் வெல்லத்தை ஆக்கிக் குருதிக்கு வழங்குகின்றது என்பதைக் கண்டார். இருநூறு ஆண்டுகள் பித்தச் சுரப்பியாக மட்டுமே மதிக்கப்பட்ட உறுப்பு, இரண்டே ஆண்டுகளில் இருவேறு பெருமைகளை மீளப் பெற்றது.

வளர்ந்தோரின் குருதி பிறக்குமிடம் மட்டும் இன்னும் மறைந்தேயிருந்தது. 1868ஆம் ஆண்டிற் கோனிக்ஸ்பேர்க் நகரில் ஏர்ன்ஸ்ட் நொய்மன், மனிதரினதும் முயல்களினதும் எலும்புகளை நசுக்கிப் பெற்ற சாற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். அங்கே அவர் கண்டவை, அதுகாறும் கருவின் குருதியில் மட்டுமே அறியப்பட்டிருந்த உட்கருவுள்ள செங்குழியங்கள். கருவின் ஈரலைப் பற்றிய அறிவு முன்பே இராதிருந்தால், அவற்றின் பொருளை அவர் உணர்ந்திருத்தல் அரிது. வளர்ந்த உடலினுள் ஓரிடத்தில் இளங்கருவின் கலங்கள் காணப்படுமாயின், அவ்விடத்திற் குருதி இன்னும் பிறந்துகொண்டேயிருக்கின்றது என்று அவர் துணிந்தார். அதே காலத்தில் இத்தாலியின் பாவியா நகரில் யூலியோ பிட்சொசேரோவும் தனித்து ஆராய்ந்து இம்முடிவையே எய்தினார். அக்காலத்தவர் பலர் இதனை எளிதில் ஏற்கவில்லை. உயிரற்றதென நினைக்கப்பட்ட எலும்பின் உள்ளே உயிர்நீர் ஊறுகின்றது என்பது அவர்களுக்கு வியப்பாகவே இருந்தது.

இவ்வாறு முட்டையின் குருதித் தீவுகள், கருவின் ஈரல், வளர்ந்தோரின் என்புமச்சை ஆகிய மூன்று இடங்கள் அறியப்பட்டன. அவை ஒன்றோடொன்று முரண்பட்ட விடைகளல்ல. ஒரே கதையின் மூன்று அதிகாரங்கள். மனிதக் கருவிலே முதற் குருதி மூன்றாம் வாரத்தில், கருவூண்பை எனப்படும் சிறு பையின் சுவரிலே தோன்றுகின்றது. ஐந்தாம் ஆறாம் வாரங்களில் ஈரல் அத்தொழிலை மேற்கொள்ளத் தொடங்குகின்றது. மூன்றாம் மாதம் முதல் ஏறக்குறைய ஏழாம் மாதம் வரை அதுவே தலைமைத் தொழிற்சாலை. மண்ணீரல் அதற்குச் சிறு துணை. பத்தாம் வாரமளவிற் சிசுவின் உடல் நிறையிற் பத்தில் ஒரு பங்கு ஈரலாகவே இருப்பதற்கு இத்தொழில் ஒரு முதன்மைக் காரணம். பிறக்கும்போது அப்பங்கு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்துவிடும். பதினோராம் வாரமளவில் எலும்புகளின் உள்ளே தொடங்கும் ஆக்கம் மெல்ல வளர்ந்து, கடைசி மாதங்களிற் பொறுப்பு முழுவதையும் ஏற்றுக்கொள்கின்றது. குழந்தை பிறந்து சில வாரங்களில் ஈரல் இத்தொழிலை அடியோடு கைவிட்டுவிடுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் அறிஞர் முன் நின்ற வினா வேறு. ஈரலிற் குருதியாகும் கலங்கள் ஈரலுக்கே உரியவையா, அன்றி வேறெங்கிருந்தோ வந்து தங்கியவையா? 1909ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் அலெக்சாந்தர் மக்சிமொவ், குருதிக்கலங்கள் யாவும் ஒரே மூலக்கலத்திலிருந்து கிளைப்பன என்றும், அம்மூலக்கலம் உடலெங்கும் திரிய வல்லது என்றும் எடுத்துரைத்தார். 1958இற் செய்யப்பட்ட ஒரு பரிசோதனை இதற்கு அரண் செய்தது. கதிர்வீச்சினால் என்புமச்சை அழிந்து சாகும் நிலையிலிருந்த எலிகளுக்கு, பிறவாத எலிக்குஞ்சுகளின் ஈரற் கலங்களைச் செலுத்தியபோது அவை பிழைத்தன. 1961இற் கனடாவின் தொரன்ரோ நகரிலே தில், மக்கலோ என்னும் இருவர், ஒரே கலம் பெருகிப் பல்வகைக் குருதிக்கலங்களாதல் கூடும் என்பதற்கு வழிகாட்டிய சோதனைகளை வெளியிட்டனர்.

1970இல் மூர், மெட்காஃப் ஆகியோர் மிக இளமையான எலி முளையங்களைக் கருவூண்பையினின்றும் பிரித்து ஆய்கூடத்தில் வளர்த்தனர். முளையம் வளர்ந்தது, ஈரலில் மட்டும் குருதிக்கலங்கள் தோன்றவில்லை. ஈரல் நிலமேயன்றி விதையன்று என்பது இதனாற் புலனாயிற்று. விதை கருவூண்பையிலிருந்தே வருகின்றது என்று அவர்கள் கருதினர். 1975இற் பிரான்சு நாட்டு அம்மையார் பிரான்சுவாஸ் டீட்டர்லென்-லியேவ்ர், காடை முளையத்தின் உடலைக் கோழியின் கருவூண்பையோடு ஒட்டி வளர்த்தார். காடையின் கலங்களை அவற்றின் உட்கருவினால் இனங்காணலாம். வளர்ந்த முளையத்தின் நிலையான குருதி காடையினுடையதாகவே இருந்தது. ஆகவே நிலையான விதை முளையத்தின் உடலினுள்ளேயே பிறக்கின்றது. 1996இல் மெட்வின்ஸ்கியும் சியார்சாக் அம்மையாரும் எலியில் அவ்விதை பிறக்குமிடத்தைப் பெருநாடியின் அயலிலே கண்டனர். 2010இற் பெருநாடியின் உட்சுவரிலிருந்து கலமொன்று வளைந்து, பிரிந்து, குருதி மூலக்கலமாகும் காட்சியே உயிருள்ள மீன் முளையங்களிற் படமாக்கப்பட்டது. கருவூண்பையிலிருந்து முதலில் வந்தவையும், பெருநாடிச் சுவரிலிருந்து பின்னர் வந்தவையுமாக இருசாராரும் ஈரலிலே குடியேறுகின்றனர் என்பதே இன்றைய தெளிவு.

எனவே ஈரல், குருதியைப் பெற்ற தாயன்று, வளர்த்த தாய். வளர்ப்பதும் சிறு தொழிலன்று. ஈரலின் உள்ளே விழுங்கும் கலம் ஒன்றைச் சூழ்ந்து இளஞ் செங்குழியங்கள் கூட்டமாக வளர்கின்றன. அவை கழித்துவிடும் உட்கருவை நடுவிலுள்ள கலம் விழுங்கிவிடுகின்றது. இத்தகைய கூட்டங்களை என்புமச்சையில் 1958இற் பிரெஞ்சு அறிஞர் மார்சல் பெசி விவரித்தார். செங்குழிய ஆக்கத்தைத் தூண்டும் சுரப்பை வளர்ந்தோரிற் பெரும்பாலும் சிறுநீரகம் வழங்குகின்றது; சிசுவில் அதனையும் ஈரலே வழங்குகின்றது. இல்லமும் கொடுத்து, ஊக்கமும் கொடுத்துப் பேணும் இவ்விருந்தோம்பல் பிறப்போடு முடிவது ஏன்? 2016இல் எலிகளிற் செய்யப்பட்ட ஆராய்ச்சி ஒரு காரணத்தைக் காட்டிற்று. கொப்பூழ்க்கொடி அறுபட்டு அதன் குருதியோட்டம் நின்றதும், ஈரலின் வாயிலிலுள்ள நாளங்களின் இயல்பு மாறுகின்றது. அவற்றின் அருகே குடியிருந்த மூலக்கலங்கள் இருப்பிடத்தை இழக்கின்றன. குழந்தையின் முதல் அழுகையும், ஈரலை விட்டுக் குருதி குடிபெயர்வதும் ஏறக்குறைய ஒரே வேளையின் நிகழ்ச்சிகள்.

இவ்வறிவு ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. வீங்கிய உடலோடும் கடும் மஞ்சள் நிறத்தோடும் பிறந்து மடிந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஒரே தாய் இவ்வாறு குழந்தைகளை அடுத்தடுத்து இழப்பதும் உண்டு. 1932இல் அமெரிக்காவின் டயமண்ட், பிளக்ஃபன், பேட்டி ஆகிய மூவர், வெவ்வேறு நோய்களாக எண்ணப்பட்ட இந்நிலைகள் யாவும் ஒரே நோயின் முகங்களென்று காட்டினர். அக்குழந்தைகளின் குருதியில் உட்கருவுள்ள முதிராச் செங்குழியங்கள் மிகுந்திருந்தன. ஈரலும் மண்ணீரலும் பருத்திருந்தன. தாயின் குருதியில் இல்லாத றீசஸ் காரணி சிசுவின் குருதியில் இருக்கும்போது, தாயின் உடல் ஆக்கும் எதிர்ப்பொருள் சூல்வித்தகத்தைக் கடந்து சென்று சிசுவின் செங்குழியங்களை அழிக்கின்றது என்பது 1940ஆம் ஆண்டையடுத்துத் தெளிவாயிற்று. அழிவை ஈடுசெய்யச் சிசுவின் ஈரல் இரவுபகலாக உழைக்கின்றது, உழைத்துப் பருக்கின்றது, பருத்துத் தன் ஏனைய கடமைகளிலே தளர்கின்றது. அந்த ஈரலின் வீக்கம் நோயன்று. தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு பாதுகாப்பு.

1963ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில் மருத்துவர் வில்லியம் லைலி, தாயின் வயிற்றினூடே ஊசியைச் செலுத்திப் பிறவாத சிசுவின் வயிற்றறையினுள்ளே குருதியைச் சேர்த்தார். ஈரலால் ஈடுசெய்ய முடியாததை வெளியிலிருந்து கொடுத்த அம்முயற்சியினால் ஒரு குழந்தை உயிர்பிழைத்தது. 1968இலே தாய்க்கு இடும் தடுப்பூசி வழக்கத்துக்கு வந்தபின், அது கிடைக்கும் நாடுகளில் இந்நோய் அருகிவிட்டது. தலசீமியா என்னும் பரம்பரை நோயிலோ வளர்ந்த பிள்ளைகளின் ஈரலும் மண்ணீரலும் தாம் கைவிட்ட பழைய தொழிலை மீண்டும் மேற்கொள்ள முயல்வதுண்டு. இலங்கையிலும் இந்நோயுள்ள பிள்ளைகள் பலர் உளர். குருநாகலில் அவர்களுக்கென ஒரு சிகிச்சை நிலையம் உண்டு. அப்பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஈரலின் அளவை மதிப்பிடும் மருத்துவரின் விரல்களுக்கு, பிறப்புக்கு முந்திய காலத்தின் எச்சமொன்றும் தட்டுப்படுவதுண்டு.

கேலனின் பிழை, ஈரல் குருதி செய்கின்றது என்று சொன்னதில் மட்டும் இல்லை. எக்காலத்துக்கும் அதுவே செய்கின்றது என்று கொண்டதிலும், உணவிலிருந்து நேரே செய்கின்றது என்று கொண்டதிலும் இருந்தது. பார்த்தோலினும், வளர்ந்த உடலிற் கண்டதை உடலின் வாழ்வு முழுவதற்கும் பொதுவிதியாக்கினார். இருவரும் எங்கே என்று வினவினர். எப்போது என்று வினவவில்லை. முட்டையை நாள்தோறும் உடைத்துப் பார்த்த ஹார்வியின் வழியும், இளங்கருவின் ஈரலை ஆராய்ந்த கொல்லிக்கரின் வழியும் அந்த இரண்டாம் வினாவுக்கு இடங்கொடுத்தன. உடல் முடிந்த கட்டடமன்று. அது நாளுக்கு நாள் இடம் மாற்றித் தொழில் நடத்தும் ஒரு குடும்பம். பிறந்த எவரும் தம் ஈரலின் அந்தப் பழைய உழைப்பை நினைவிற் கொள்வதில்லை. எனினும் இன்று ஒவ்வொருவரின் எலும்புக்குள்ளும் ஊறும் குருதியின் மூலக்கலங்கள், ஒருகாலத்தில் அவ்வீரலிலே தங்கி வளர்ந்தவற்றின் வழிவந்தவையே.